வர்க்கமூலம் எதற்கு, வாட்ஸ்அப் இருக்கும்போது?

பித்தாகரஸ் பாவம். வாரத்துக்கு ஒருமுறையாவது தமிழ்நாட்டில் யாரோ ஒருவர் அவரைத் திருடன் என்று கைப்பேசியில் தட்டி, நாலு குழுக்களுக்கு அனுப்பிவிட்டுத்தான் தூங்கப் போகிறார். செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். போதையனார் என்ற புலவர், பித்தாகரஸுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் காணும் வழியை நாலு வரிச் செய்யுளில் சொல்லிவிட்டார். அதுவும் வர்க்கம், வர்க்கமூலம் எதுவும் இல்லாமலே. நீளத்தை எட்டுக் கூறாக்கு, ஒரு கூறைத் தள்ளு, மிச்சத்தோடு உயரத்தில் பாதியைச் சேர். கர்ணம் தயார். கீழே ஓர் உதாரணம்: நீளம் 4, உயரம் 3. நாலில் எட்டில் ஒன்று அரை, தள்ளினால் மூன்றரை. மூன்றில் பாதி ஒன்றரை. கூட்டினால் 5. அதற்கும் கீழே கைகூப்பும் படங்கள், ஒரு "தமிழன்டா", பகிராதவன் தமிழனே இல்லை என்ற தீர்ப்பு.

செய்யுள்மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது கெட்டிக்காரத்தனமான செய்யுள். அதை அனுப்புகிறவர்கள்தான் அதை அவமானப்படுத்துகிறார்கள் என்பது என் புகார். பாராட்டு என்ற பெயரில், அதைக் கட்டியவனின் மூளையை ஒரு நொடிகூட மதிக்காமல், பூசையறையில் மாட்டிவைத்துவிட்டார்கள். இது அந்த ஒரு செய்யுளோடு நிற்கவில்லை. வர்க்கம், வர்க்கமூலம், மாயச்சதுரம் என்று எட்டாம் வகுப்போடு முடிந்துபோகிற சாதுவான சங்கதிகளைச் சுற்றித்தான் நம் ஊரில் இத்தனை புகைமூட்டம். ஒன்று அற்புதம் என்கிறோம், இல்லையென்றால் ஷார்ட்கட் என்கிறோம். "ஏன் அப்படி வருகிறது?" என்ற கேள்வி இரண்டிலும் கிடையாது.

எங்கள் குடும்பக் குழுவில் இந்தச் செய்தி வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். அனுப்பியவர் எனக்கு மைத்துனர் முறை. எட்டாவது படிக்கும் என் தம்பி மகள் உடனே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். "மாமா, 8, 15 போட்டா 17 வரணும். 17.125 வருதே?" என்று எழுதினாள். சரியான கேள்வி. பதினைந்தில் எட்டில் ஏழு பங்கு 13.125, எட்டில் பாதி 4, கூட்டினால் 17.125. மாமாவின் பதில்: "எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்கக் கூடாதும்மா. முன்னோர்கள் முட்டாள்கள் இல்ல." அதற்கு ஏழு பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். அந்தப் பெண் அப்புறம் ஒன்றும் எழுதவில்லை.

அந்தப் பெண் செய்ததைச் செய்திருந்தால் மாமாவுக்கே விஷயம் புரிந்திருக்கும். இரண்டு பக்கமும் 10 என்று வையுங்கள்: 8.75 + 5 = 13.75. உண்மையான கர்ணம் 14.142. போகட்டும், கிட்டத்தட்ட என்று விட்டுவிடலாம். நீளம் 20, உயரம் 4 என்று வையுங்கள்: 17.5 + 2 = 19.5. கர்ணம், தான் சாய்ந்திருக்கும் பக்கத்தைவிடவே குட்டையாகிவிட்டது! உயரம், நீளத்தில் கால்பங்குக்குக் கீழே போனால் இந்தக் கூத்துதான் நடக்கும். எனக்கு வந்த அத்தனை செய்திகளிலும் உதாரணம் 3-4, இல்லையென்றால் 5-12, இல்லையென்றால் இவற்றின் மடங்கு. வேறு எண்ணைத் தொட யாருக்கும் கை வரவில்லை.

அந்த இரண்டு மட்டும் ஏன் அச்சாக வருகின்றன? இங்கேதான் விஷயம் இருக்கிறது. செய்யுளின் விதியையும் உண்மையான தேற்றத்தையும் சமன்படுத்திப் பார்த்தால் ஒரு சாதாரண இருபடிச் சமன்பாடு கிடைக்கும். உயரத்தை நீளத்தால் வகுத்த விகிதத்துக்கு அதில் இரண்டே விடைகள்: 3/4, 5/12. வேறு எந்த முக்கோணத்துக்கும் விதி சரியாக வராது. இந்த இரண்டுக்கும் மயிரிழை பிசகாது. இது தற்செயலாக இருக்குமா? "நீளத்தில் ஏதோ ஒரு பங்கும் உயரத்தில் ஏதோ ஒரு பங்கும் சேர்ந்தால் கர்ணம்" என்று ஒரு விதி வேண்டும். அது 3-4-5க்கும் 5-12-13க்கும் பொருந்த வேண்டும் என்று தேடிப் பாருங்கள். உயரத்தின் பங்கு அரை, நீளத்தின் பங்கு எட்டில் ஏழு என்று விடை தானாக வந்து விழும். அந்த ஆள் இப்படித்தான் செய்தார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் இந்த இரண்டு முக்கோணங்களையும் தெரியாத ஒருவரிடமிருந்து எட்டில் ஏழும் அரையும் வந்திருக்கும் என்று நம்ப எனக்குத் தெம்பில்லை. 25 என்பது 9-உம் 16-உம் சேர்ந்தது, 169 என்பது 25-உம் 144-உம் சேர்ந்தது என்று அறிந்தவரால்தான் இந்த விதியைக் கட்ட முடியும். ஆக, வர்க்கம் தேவையில்லை என்று கொண்டாடப்படும் செய்யுளின் அஸ்திவாரத்திலேயே வர்க்கங்கள் உட்கார்ந்திருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. அந்த இரண்டு விகிதங்களுக்கும் இடையில் விதி எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே காட்டும், குறைவாகக் காட்டாது. அதிகபட்சப் பிழை நூற்றுக்கு 0.8-ஐத் தாண்டாது. கோணமாகச் சொன்னால், ஏறத்தாழ 23 பாகையிலிருந்து 37 பாகை வரை. ஓட்டுக்கூரையின் சாய்வு பெரும்பாலும் அதற்குள்தான் வரும். கைமரம் அறுக்கும் ஆசாரிக்கு இதைவிட என்ன வேண்டும்? நீளம் 14 அடி, உயரம் 8 அடி என்றால் விதி 16.25 அடி என்கிறது, தேவை 16.12 அடி. ஒன்றரை அங்குலம் அதிகம். அதிகமான மரத்தை அறுத்துக்கொள்ளலாம், குறைந்த மரத்தை ஒட்டவைக்க முடியாது. இது கூரைவேலைக்காரர்களின் சூத்திரம் என்பது என் ஊகம்தான். ஆனால் பித்தாகரஸோடு குஸ்தி போடவிடுவதைவிட இந்த ஊகம் அந்தச் செய்யுளுக்குக் கூடுதல் மரியாதை செய்கிறது.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தச் செய்யுளின் தமிழைப் படித்துவிட்டு அதைச் சங்கத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைக்க முடிகிறவர்கள் சங்கப் பாட்டு ஒன்றையும் படித்ததில்லை என்று அர்த்தம். போதையனார் என்ற பெயர் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று யூகிக்கலாம். சுல்ப சூத்திரம் எழுதிய போதாயனர் ஒருவர் உண்டு. வேள்விமேடை கட்டும் கணக்கு அவருடையது. செவ்வகத்தின் மூலைவிட்டத்தின்மேல் எழும் சதுரம் மற்ற இரு பக்கங்களின் சதுரங்களுக்குச் சமம் என்பதை அவர் நூல் தெளிவாகச் சொல்கிறது, பித்தாகரஸ் பெயரெல்லாம் இல்லாமல். இரண்டின் வர்க்கமூலத்துக்கும் வழி சொல்கிறது: ஒன்றோடு மூன்றில் ஒன்றைச் சேர், அந்த மூன்றிலொன்றின் கால்பங்கைச் சேர், அந்தக் கால்பங்கில் 34-இல் ஒன்றைக் கழி. வருவது 577/408, அதாவது 1.4142157. உண்மை மதிப்பு 1.4142136. ஒரு கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரத்தின் மூலைவிட்டத்தில் இது செய்யும் பிழை 2 மில்லிமீட்டர். வாட்ஸ்அப் செய்யுள் அதே சதுரத்தில் 39 மீட்டர் பிழை செய்யும். முதல் பெயரை இரண்டாவதன் தலையில் கட்டி, இதுதான் எங்கள் பெருமை என்று ஊர்வலம் விடுகிறோம். என்னத்தைச் சொல்ல!

(பாபிலோனியர்கள் பித்தாகரஸுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே ஒரு களிமண் ஓட்டில் இதே எண்ணை இன்னும் துல்லியமாக எழுதி வைத்திருந்தார்கள். அந்த ஓடு யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. யார் முதல் என்று சண்டை போடுகிறவர்கள் ஈராக் பக்கமும் ஒரு நடை போய் வரலாம்.)

"வர்க்கமூலம் இல்லாமலே" என்பதில் அப்படி என்ன குஷி? அது என்ன சர்க்கரை வியாதியா, இல்லாமல் இருப்பதற்குப் பெருமைப்பட? கி.பி. 499-இல் ஆரியபடர் வர்க்கமூலம் காணும் முறையை ஒரே ஒரு செய்யுளில் அடக்கினார். பள்ளியில் எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து, நீள்வகுத்தல்போலப் போடுகிறோமே, அதற்கும் அவர் முறைக்கும் அடிப்படை ஒன்றுதான். அவரும் "மூலத்தை இரட்டித்து அதனால் வகு" என்கிறார், நாமும் இரட்டிக்கிறோம். ஏன் இரட்டிக்கிறோம்? நான் படித்த பள்ளியில் இதைக் கேட்டவனுக்கு அதிகப்பிரசங்கி என்று பெயர் கிடைத்தது. இன்று பிள்ளைகளைக் கேட்டாலும் "அதான் மெத்தட்" என்கிறார்கள்.

பதில் நம் திண்ணைப் பள்ளிக்கூடத்திலேயே இருந்தது. எண்சுவடியில் முழு எண்களின் வர்க்கத்துக்குப் பெருங்குழி வாய்பாடு என்று பெயர். பின்னங்களின் வர்க்கத்துக்குச் சிறுகுழி. அரையை அரையால் பெருக்கினால் கால், காலைக் காலால் பெருக்கினால் வீசம், முக்காலை முக்காலால் பெருக்கினால் அரையே வீசம். பெயரைக் கவனியுங்கள். குழி என்பது நிலத்தின் அளவு. ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் இருந்தால் அது ஒரு குழி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. பன்னிரண்டின் வர்க்கம் 144 என்றால், பன்னிரண்டு கோல் பக்கமுள்ள வயல் 144 குழி. வர்க்கம் என்ற சொல் வருவதற்கு முன்பே பிள்ளையின் காலடியில் மண் இருந்தது. (திண்ணைப் பள்ளியில் பிரம்பும் சாதியும் இருந்தன. அதை மறைத்துவிட்டு அதைப் பொற்காலம் என்று எழுத எனக்கு உத்தேசமில்லை.)

அந்த மண்ணின் மேல் நின்று பார்த்தால் இரட்டிப்பின் காரணம் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. 1369 குழிச் சதுர வயல், பக்கம் என்ன? முதலில் முப்பதுக்கு முப்பது வெட்டி எடுங்கள், 900 போய்விடும். மீதி 469 குழி எப்படிக் கிடக்கும்? இரண்டு ஓரங்களில் முப்பது கோல் நீளப் பட்டைகள் இரண்டு, மூலையில் ஒரு சின்னச் சதுரம். பட்டை இரண்டு என்பதால்தான் முப்பதை இரட்டித்து 60 என்று வைக்கிறோம். அறுபதோடு எந்த எண்ணைச் சேர்த்து, அதே எண்ணால் பெருக்கினால் 469 வரும்? 67 × 7. பக்கம் 37 கோல். அவ்வளவுதான். ஐந்து நிமிடம், ஒரு படம். இந்த ஐந்து நிமிடத்தை மிச்சம்பிடித்து நம் வகுப்பறைகள் எதைச் சாதித்தன என்று தெரியவில்லை.

அற்புதக்காரர்களை விட்டுவிட்டு ஷார்ட்கட்காரர்களிடம் வருவோம். ஐந்தில் முடியும் எண்ணின் வர்க்கம்: 35 என்றால் மூன்றையும் அதற்கு அடுத்த நாலையும் பெருக்கு, பக்கத்தில் 25 எழுது, 1225. இதை "வேத கணிதம்" என்று விற்கிறார்கள். பாரதி கிருஷ்ண தீர்த்தரின் நூல், அவர் காலமானபின் 1965-இல் வெளிவந்தது. அதிலுள்ள சூத்திரங்கள் அதர்வ வேதத்தின் பரிசிஷ்டங்களில் காணப்படவில்லை என்பதை அந்த நூலின் பதிப்பாசிரியரான வாசுதேவ சரண் அகர்வாலாவே முன்னுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆக, வேதத்தை விடுங்கள். தந்திரம் வேலை செய்கிறதா? செய்கிறது. ஏன்? மறுபடியும் வயலுக்கு வாருங்கள். 35-க்கு 35 வயலில் ஒரு பக்கம் ஐந்து கோல் அகலப் பட்டையை வெட்டுங்கள். 30-க்கு 35 மிச்சம். வெட்டிய பட்டையை அந்த மிச்சத்தின் குறுகிய பக்கத்தில் ஒட்டவையுங்கள், 30-க்கு 40 ஆகிவிடும். பட்டையின் நுனியில் 5-க்கு 5 துண்டு ஒன்று மிஞ்சும். 1200-உம் 25-உம். இதைப் பார்த்த பிள்ளை சும்மா இருக்காது. 34-க்கும் 36-க்கும் என்ன ஆகும் என்று அடுத்து அதுவே வெட்டி ஒட்ட ஆரம்பிக்கும். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை ஐந்தில் முடியாத எண் வந்தால் கையைப் பிசையும்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களை நான் இதில் சேர்க்கவில்லை. ஒரு கேள்விக்கு முக்கால் நிமிடம்கூடக் கிடைக்காத தேர்வில், வீட்டு வறுமையைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் இளைஞனிடம் போய் "காரணம் தெரியுமா?" என்று கேட்பது அராஜகம். அவனுக்குத் தந்திரம் வேண்டும், சொல்லிக் கொடுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு எதற்கு ஸ்டாப்வாட்ச்?

இனி டிசம்பர் 22. தேசியக் கணித தினம். அன்று காலையில் ஒரு சதுரம் வந்துவிடும். தவறவே தவறாது.

22 12 18 87
88 17 9 25
10 24 89 16
19 86 23 11

முதல் வரிசை ராமானுஜனின் பிறந்த நாள்: 22-12-1887. எந்த வரிசையைக் கூட்டினாலும், எந்த நிரலைக் கூட்டினாலும், மூலைவிட்டத்தைக் கூட்டினாலும், நாலு மூலைகளைக் கூட்டினாலும் 139. நாமகிரித் தாயார் கனவில் வந்து கொடுத்தது என்ற பின்குறிப்போடு சில பதிப்புகள் உலவுகின்றன. ராமானுஜனின் நோட்டுகளில் எந்தப் பக்கத்தில் இது இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. இது யார் கைவேலையாகவும் இருக்கலாம். ஏனென்றால் யாராலும் செய்ய முடியும். நாளை நா, மாதத்தை மா, வருடத்தின் முதல் இரண்டு இலக்கங்களை நூ, கடைசி இரண்டை வ என்று வைத்துக்கொண்டு சதுரத்தை மறுபடி எழுதுங்கள்:

நா, மா, நூ, வ
வ+1, நூ−1, மா−3, நா+3
மா−2, நா+2, வ+2, நூ−2
நூ+1, வ−1, நா+1, மா−1

குட்டு உடைந்துவிட்டதா? ஒவ்வொரு வரிசையிலும், நிரலிலும், மூலைவிட்டத்திலும் நாலு எழுத்துகளும் ஒவ்வொரு முறை வருகின்றன. கூட்டியதும் கழித்ததும் எல்லாத் திசையிலும் பூச்சியமாகிவிடுகின்றன. வேறு ரகசியமில்லை. கடவுளே இல்லையென்று பாடிய பாரதிதாசனுக்கும் இந்தத் தெய்வீகச் சதுரம் வஞ்சனையில்லாமல் அமைகிறது. அவர் பிறந்தது 29-4-1891:

29 4 18 91
92 17 1 32
2 31 93 16
19 90 30 3

எந்தப் பக்கம் கூட்டினாலும் 142. ஒரே எண் இரண்டு முறை வரவும் இல்லை, எல்லாத் தேதிக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்காது.

இந்த எழுத்துச் சதுரத்தைத் தம்பி மகளிடம் கொடுத்தேன். அவள் ஜனவரியில் பிறந்தவள். மா−3 என்ற கட்டத்தில் −2 வந்து நின்றது. "அசிங்கமா இருக்கு பெரியப்பா" என்றாள். அரைமணி நேரம் கழித்து வந்து, "எல்லா பிளஸ்ஸையும் மைனஸ் ஆக்கிட்டேன், மைனஸை பிளஸ் ஆக்கிட்டேன். இப்ப ஓகே" என்றாள். சரிதான், கூட்டல் கழித்தலை முழுதாகத் திருப்பினாலும் மொத்தம் பூச்சியம்தானே. "ஆனா ஜனவரி ரெண்டாம் தேதி பொறந்தா நா−3 மைனஸ் ஆயிடும். அவங்களுக்கு என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். குடும்பக் குழுவில் கட்டைவிரல் உயர்த்திய ஏழு பேரும் இந்தக் கேள்வியின் பக்கத்தில் வந்ததில்லை.

ராமானுஜன் மாயச்சதுரங்களில் உண்மையாகவே கை வைத்தவர். அவருடைய இரண்டாவது நோட்டின் முதல் அத்தியாயமே அதுதான். அது அவருடைய பள்ளி நாட்களில் முளைத்திருக்க வேண்டும் என்பது அந்த நோட்டுகளைப் பதிப்பித்த புரூஸ் பெர்ன்ட்டின் கணிப்பு. அங்கே அவர் எழுத்துகளை வைத்துக்கொண்டு எப்படிக் கட்டுவது என்ற பொது வழியைத்தான் தேடுகிறார். வர்க்கமூலத்திலும் அப்படியே. 1911-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் அவர் விடுத்த கேள்வி பிரசித்தம்: √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) என்று முடிவில்லாமல் போனால் விடை என்ன? விடை 3. கடைசியில் அவரே விடையைச் சொல்ல வேண்டியிருந்தது. பார்த்தால் மிரட்டுகிறது. உள்ளே இருப்பது என்ன தெரியுமா? ஓர் எண்ணின் வர்க்கம், அதன் முன்னெண்ணையும் பின்னெண்ணையும் பெருக்கியதைவிட ஒன்று அதிகம். 9 = 1 + 2×4. அந்த 4 என்பது 16-இன் மூலம்; 16 = 1 + 3×5. அந்த 5 என்பது 25-இன் மூலம்; 25 = 1 + 4×6. இப்படியே அவிழ்த்துக்கொண்டு போங்கள். (முடிவிலி வரை போகலாமா என்பதற்குத் தனி நியாயம் வேண்டும், அது கல்லூரிச் சமாசாரம்.) எட்டாம் வகுப்புப் பிள்ளை தொட்டுப் பார்க்கக்கூடிய இடத்தில் ராமானுஜன் இருக்கிறார். நாம்தான் அவரைக் கர்ப்பக்கிரகத்தில் வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறோம்.

"அற்புதம் என்று சொன்னால்தானே பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும்?" என்று ஓர் ஆசிரிய நண்பர் என்னிடம் சண்டைக்கு வந்தார். திரும்பிப் பார்க்கட்டும், நல்லது. பார்த்தபின் என்ன? மந்திரவாதி தொப்பியிலிருந்து முயலை எடுக்கும்போது பார்வையாளன் கைதட்டுகிறான், முயல் வளர்க்கக் கற்றுக்கொள்வதில்லை. ராமானுஜனுக்குத் தாயார் கொடுத்தாள் என்று கேட்டு வளரும் பிள்ளை, தனக்குத் தாயார் கொடுக்கவில்லை என்ற முடிவுக்குத்தான் வரும். "எனக்கு கணக்கு வராது" என்று நம் ஊரில் ஜாதகப் பலன்போலச் சொல்லிக்கொள்கிறார்களே, அதற்கு இந்த அற்புதக் கதைகளும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

அற்புதத்துக்குப் பழக்கப்பட்ட கண் எதையெல்லாம் தவறவிடும் என்பதற்குக் குபேரக் கோலம் நல்ல சாட்சி. வெள்ளிக்கிழமை பூசையறையில் போட்டு, கட்டத்துக்கு ஒரு நாணயம் வைப்பார்கள்.

23 28 21
22 24 26
27 20 25

எந்தத் திசையில் கூட்டினாலும் 72. ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 19-ஐக் கழித்துப் பாருங்கள். 4 9 2, 3 5 7, 8 1 6 என்று வரும். இது சீனர்களின் லோ ஷூ சதுரம், திசைகூட மாறாமல் அப்படியே. ஆமை முதுகில் வந்தது என்று அவர்களும் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுக் குபேரன் சீனச் சட்டை போட்டுக்கொண்டிருப்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை, எனக்கும் இல்லை. நடுக் கட்டத்தில் ஏன் 24 என்று தலைமுறை தலைமுறையாக யாரும் கேட்காததுதான் கவலை. நடுவழியாகப் போகும் கோடுகள் நாலு: ஒரு வரிசை, ஒரு நிரல், இரண்டு மூலைவிட்டங்கள். நாலு எழுபத்திரண்டு 288. அதில் மற்ற எட்டுக் கட்டங்களும் ஒவ்வொரு முறையும், நடுக்கட்டம் நாலு முறையும் எண்ணப்பட்டிருக்கின்றன. ஒன்பது கட்டங்களின் மொத்தம் 216. மிச்சம் 72, நடு எண்ணைப்போல மூன்று மடங்கு. எனவே 24. வேறு எந்த எண்ணையும் அங்கே வைக்கக் குபேரனாலும் ஆகாது.

மாயச்சதுரத்துக்கு நம்மிடம் தகட்டையும் தாயத்தையும் விட்டால் வேறு கதியில்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையின் வாசனைத் திரவிய அத்தியாயத்தில் நாலுக்கு நாலு சதுரம் ஒன்றைத் தருகிறார். பதினாறு கட்டம், பதினாறு வாசனைப் பொருள்கள், ஒவ்வொன்றையும் எத்தனை பங்கு எடுப்பது என்ற எண். ஒன்று முதல் எட்டு வரையான எண்கள் இரண்டு முறை வருகின்றன. எந்த வரிசையின் நாலு பொருள்களை எடுத்தாலும், எந்த நிரலின் நாலை எடுத்தாலும் மொத்தம் 18 பங்கு. பேய் ஓட்டுவதற்கு அல்ல, அத்தர் கலப்பதற்கு! பிறகு 1356-இல் நாராயண பண்டிதர் கணித கௌமுதியில் ஒரு முழு அத்தியாயத்தை இதற்கு ஒதுக்கினார். இரண்டு சதுரங்களை உள்ளங்கைகளைக் கூப்புவதுபோல ஒன்றின்மேல் ஒன்றாக மடித்துக் கூட்டும் முறையை அங்கே சொல்கிறார். மேலே பிறந்தநாள் சதுரத்தில் பார்த்தோமே, எழுத்துகளின் சதுரம் ஒன்று, கூட்டல் கழித்தல் சதுரம் ஒன்று, இரண்டையும் சேர்த்தது. அதற்கும் இதற்கும் உறவு உண்டு. இந்த அத்தியாயத்தை எதற்கு எழுதினார் என்பதற்கு அவரே காரணமும் சொல்லியிருக்கிறார்: நல்ல கணக்கர்கள் மகிழவும், போலிக் கணக்கர்களின் கர்வம் ஒழியவும்.

இதில் எதையும் குழுவில் போடச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கோலம் போடும்போது, வீட்டில் ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து நின்று "ஏன் நடுவுல இருபத்திநாலு?" என்று கேட்டால், "தொடாதே, தீட்டு" என்று விரட்டாமல் மாவு டப்பாவை அதன் கையில் கொடுங்கள். இரண்டு நாணயம் இடம் மாறினால் குபேரன் கோபித்துக்கொள்ள மாட்டார். கூட்டல்தான் தப்பாகும்.